வியாழக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிடலாமா?

கேள்வி:

ஆடிட்டர் சாருக்கு வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்துக்கு வருகிற ஜூலை முதல் தேதி தலைவராகப் பொறுப்பேற்கிறேன். முப்பது வருடச் சங்கத்தில் நான்தான் முதல் பெண் தலைவர். உறுப்பினர்கள் 38 பேர். வியாழன்தோறும் இரவு ஏழரை மணிக்கு ஒரு லாட்ஜ் ஹாலில் கூட்டம், முடிந்ததும் சாப்பாடு. வருவது 12, 13 பேர்தான். ஆனால் ஹால்காரரோடு ஒப்பந்தம், எத்தனை பேர் வந்தாலும் 25 சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று. ஒரு சாப்பாடு 220 ரூபாய். சந்தா போதவில்லை. கண் சிகிச்சை முகாமுக்கு வசூலித்ததில் மீதியிருந்த 48,000 ரூபாயை எடுத்துப் போன மாதம் ஹால் பாக்கியைக் கட்டிவிட்டார்கள். "அடுத்த வருஷம் சந்தா வந்ததும் திருப்பி வெச்சிடலாம்" என்கிறார் இப்போதைய செயலாளர். இளையவர்கள், வாரக் கூட்டமே வேண்டாம், மாதம் ஒன்று போதும், மற்றதை வாட்ஸாப்பில் பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள். மூத்தவர்களோ, வாரக் கூட்டத்தை எடுத்தால் சங்கமே இருக்காது என்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் கணவரைக் கடைத்தெருவில் பார்த்து, "வீட்டம்மாகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க தம்பி" என்றாராம். நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

சகோதரி, நீங்கள் கேட்டது வாரக் கூட்டம் வேண்டுமா வேண்டாமா என்று. அதற்கு வருகிறேன். முதலில் அந்த 48,000 ரூபாய். கடிதத்தின் நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கணக்குப் பார்க்கிறவன் கண்ணில் அந்த வரிதான் முதலில் படுகிறது.

கண் முகாமுக்கென்று கடைத்தெருவில் ரசீது போட்டு வாங்கிய பணத்தைச் சங்கம் தன் பணமாக நினைக்கக்கூடாது. கொடுத்தவர், யாரோ ஒரு பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் நடக்கட்டும் என்று கொடுத்தார். அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் ஊர் ஊராக முகாம் நடத்தும்போது இடம், விளம்பரம், ஆள்கூட்டுவது போன்ற ஏற்பாடுகளை உள்ளூர்ச் சங்கங்கள் பார்த்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். அதில் ஆகிற பந்தல், மைக், நோட்டீஸ், வேன் வாடகை, வந்த நோயாளிகளுக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் போடுகிற சாப்பாடு, எல்லாமே முகாம் செலவுதான். வியாழக்கிழமை ராத்திரி உறுப்பினர்கள் சாப்பிட்ட சப்பாத்தி குருமாவை எப்படித் திருப்பி எழுதினாலும் முகாம் செலவில் சேர்க்க முடியாது.

சட்டமும் இந்த இரண்டு பணத்தையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. உறுப்பினர்கள் தங்களுக்குள் சந்தா போட்டுத் தங்களுக்கே செலவழித்துக்கொண்டால் வருமான வரிக் கணக்கில் அதைப் பொதுவாக வருமானம் என்று எடுப்பதில்லை. ஊராரிடம் வாங்கிய நன்கொடைக்கு இந்த வாதம் பொருந்தாது. எதற்கென்று வாங்கினீர்களோ அதற்குப் போயிற்று என்று காட்ட வேண்டும். இதற்காகவே பல சங்கங்கள் தனியாக ஓர் அறக்கட்டளை வைத்து, நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக்கழிவு கிடைக்கச் செய்கிற 80ஜி பதிவு வாங்கி, வசூலை அதன் வழியாகச் செய்கின்றன. உங்கள் முகாம் வசூல் அப்படி அறக்கட்டளை ரசீதில் நடந்திருந்தால் விஷயம் இன்னும் மோசம். அறக்கட்டளைப் பணம் உறுப்பினர்களின் சாப்பாட்டுக்குப் போனது தெரிந்தால் அந்தப் பதிவுக்கே ஆபத்து. உங்களுக்கு நன்கொடை கொடுத்து வரிக்கழிவு கேட்டிருக்கும் கடைக்காரர்களிடம் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி போவீர்கள்?

செயலாளரைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். ஹால்காரர் நெருக்கியிருப்பார், கையில் இருந்தது இந்தப் பணம், எடுத்துக் கொடுத்துவிட்டார். சின்ன ஊர்ச் சங்கங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அவர் சொல்கிற வழியை ஒப்புக்கொள்ளக்கூடாது. அடுத்த வருடச் சந்தாவிலிருந்து திருப்புவது என்றால், உங்கள் வருடத்துப் பணத்தைக் கொண்டு அவர் வருடத்துச் சாப்பாட்டுக் கடனை அடைப்பது. மாலை போட்டு மேடையில் உட்கார வைக்கும்போதே 48,000 ரூபாய்ப் பள்ளத்தில் உட்காருகிறீர்கள். அடுத்த மே மாதம் ஹால் பாக்கி மறுபடி நிற்கும், மறுபடி ஏதாவது ஒரு முகாம் பணம் கண்ணில் படும்.

ஜூன் 30-க்குள், பழைய நிர்வாகம் இருக்கும்போதே, பணம் திரும்பி வர வேண்டும். 38 பேருக்கும் பிரித்தால் தலைக்குச் சுமார் 1,265 ரூபாய் வரும். சிறப்புச் சந்தா என்று ஒரு தீர்மானம் போட்டு வசூலித்து, காசோலையாக முகாம் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். "சாப்பிட்டவன் மட்டும் கொடுக்கட்டும்" என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தால், எந்தத் தேதியில் யார் வந்தார், யார் குடும்பத்தோடு வந்தார் என்று வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சண்டை போட வேண்டியிருக்கும். 25 சாப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது சங்கம். ஆகவே கடனும் 38 பேருடையது. இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்லுங்கள். ஜூலையிலிருந்து நிர்வாகச் செலவுக்கு ஒரு வங்கிக் கணக்கு, சேவைப் பணத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு. இரண்டாவதில் செயலாளர், பொருளாளர் இருவர் கையெழுத்தும் இல்லாமல் காசோலை போகக்கூடாது. நன்கொடையை முடிந்தவரை வங்கி வழியாகவே வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு 80ஜி கழிவு கிடைக்காது.

சரி, இப்போது வியாழக்கிழமை.

கணக்கை மட்டும் பார்த்தால் வாரக் கூட்டம் உங்கள் பணத்தைத் தின்னவில்லை. வாரத்துக்கு 25 சாப்பாடு, 5,500 ரூபாய். 13 பேர் வந்தால் 12 சாப்பாடு யாரும் சாப்பிடாதது. அதற்கு மட்டும் 2,640. வருடத்தில் 48 கூட்டம் என்று வைத்துக்கொண்டால் சாப்பிடாத சாப்பாட்டுக்கு நீங்கள் கட்டுவது 1,26,720 ரூபாய். இந்த ஒரு தொகை மிச்சமாகியிருந்தால் முகாம் பணத்தில் கை வைக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. இளையவர்கள் கூட்டத்தின் மேல் கோபப்படுகிறார்கள். கோபப்பட வேண்டியது ஹால் ஒப்பந்தத்தின் மேல். ஹால்காரரிடம் போய், மாதம் ஒரு தடவைதான் சாப்பாடு, முந்தின செவ்வாய்க்கிழமை ராத்திரி எண்ணிக்கை சொல்வோம், அதற்கு மட்டும் பணம் என்று பேசுங்கள். ஒத்துவரவில்லையென்றால் வேறு இடம். உங்கள் ஊரில் பள்ளிக்கூட வகுப்பறை, நூலகம், யாருடைய ரைஸ்மில் ஆபீஸாவது இல்லாமலா போகும்? சுண்டலும் காபியும் தலைக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. (காபியாவது நல்லதாக இருக்கட்டும். கும்பகோணத்துக்காரன் சொல்கிறேன்.)

ஆனால் சாப்பாட்டை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் வந்துவிடுமா? வராது. மினிட்ஸ் நோட்டை எடுத்துக் கடைசிப் பத்துக் கூட்டங்களைப் புரட்டிப் பாருங்கள். தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் துவக்கினார், தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, பிறந்தநாள் திருமணநாள் வாழ்த்து, செயலாளர் அறிவிப்பு, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, உரை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண். நான் தணிக்கை செய்கிற சங்கங்களில் பல நோட்டுகள் பக்கத்துக்குப் பக்கம் இப்படியே இருக்கும். விருந்தினர் பெயர் மட்டும் மாறும். அதில் "முடிவு செய்யப்பட்டது" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். முகாம் எங்கே நடத்துவது, எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுப்பது, எவ்வளவு செலவு என்பதெல்லாம் நாலு பேர் ஒருவர் கடையில் உட்கார்ந்து முடிவு செய்து, கூட்டத்தில் அறிவிப்பாக வந்திருக்கும். வராதவருக்கு அந்த வியாழக்கிழமையில் எந்த நஷ்டமும் இல்லை. மறுநாள் வாட்ஸாப்பில் போட்டோ வந்துவிடுகிறது, பொன்னாடையோடு.

என் அபிப்பிராயம் இதுதான்: வாரக் கூட்டத்தை நிறுத்தாதீர்கள், முடிவுகளை அதற்குள் கொண்டுவாருங்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் எந்தச் செலவானாலும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கித்தான் நிறைவேற வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். தன் தெருப் பள்ளிக்கு வரவேண்டிய தண்ணீர்த் தொட்டி, தான் வராத வியாழக்கிழமையில் பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று என்று தெரிந்தால், அடுத்த வாரம் அந்த மனிதர் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார். சண்டை வரும். வரட்டும். சண்டைக்காவது ஆள் வருகிற கூட்டம், பொன்னாடைக்கு மட்டும் கூடுகிற கூட்டத்தைவிட மேல் என்பது என் கட்சி. சடங்குகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

எந்தச் சங்கம் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். வாரம் ஒரு கூட்டம் என்பதால் ரோட்டரி என்று எடுத்துக்கொண்டு விதியைச் சொல்கிறேன். வாரம் தவறாமல் கூட வேண்டும் என்பதுதான் அங்கே பழைய ஏற்பாடு. அரையாண்டில் பாதிக் கூட்டத்துக்காவது வர வேண்டும், தொடர்ந்து நாலு கூட்டம் விட்டால் உறுப்பினர் பதவி போகலாம், ஒரு வாரம் வர முடியாவிட்டால் முன்னும் பின்னும் 14 நாளுக்குள் வேறு ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போய் ஈடுகட்டலாம் என்றெல்லாம் கறாராக இருந்தது. உங்கள் மூத்தவர்கள் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள். தஞ்சாவூருக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில் அங்குள்ள சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டு, வருகைச் சீட்டு வாங்கி வந்து செயலாளரிடம் கொடுத்த ஆட்களாக இருப்பார்கள். 2016-ல் விதிகளைத் திருத்தும் உலகக் கூட்டத்தில் இதையெல்லாம் தளர்த்தினார்கள். கூட்டம் எப்போது, எப்படி, இணையவழியாகவா நேரிலா என்பதையெல்லாம் அந்தந்தச் சங்கமே தன் துணைவிதியில், அதாவது தனக்கென்று எழுதிக்கொள்ளும் விதிகளில், எழுதி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் மாதத்துக்கு இரண்டு கூட்டத்துக்குக் குறையக்கூடாது. ஆகவே மாதம் ஒன்று போதும் என்ற இளையவர்களின் யோசனைக்கு விதியிலேயே இடமில்லை. வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டுவதும் கூட்டம் ஆகாது. அரிமா (லயன்ஸ்) சங்கமாக இருந்தால் மாதம் இரண்டு என்பதே பரவலான வழக்கம், அங்கே இந்தச் சச்சரவே வந்திருக்காது.

துணைவிதியைத் திருத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறைந்தது எத்தனை பேர் கூடியிருக்க வேண்டும் (கோரம்), எவ்வளவு பெரும்பான்மை என்று அதிலேயே எழுதியிருக்கும். படித்துவிட்டு இறங்குங்கள். சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானதாக இருந்தால் திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடமும் பதிய வேண்டும். பல சங்கங்கள் இதை மறந்துவிட்டு, பின்னால் வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போது முழிக்கின்றன.

வாட்ஸாப் போதும் என்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. உங்கள் பகுதி பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பம் சாய்ந்து, கைபேசிக் கோபுரம் செத்து, பல ஊர்களில் நாள்கணக்கில் யாருக்கும் யாரோடும் பேச வழியில்லை. அந்த நாட்களில் தார்ப்பாய் யாரிடம் இருக்கிறது, யார் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி அனுப்புவார், எந்த டாக்டர் கூப்பிட்டால் வருவார் என்று தெரிந்துகொள்ள வாட்ஸாப் குழு எதற்கும் ஆகவில்லை. வழக்கமாகக் கூடுகிற இடமும் நேரமும் ஆட்களும் இருந்த ஊர்களில், அது சங்கமோ பள்ளிவாசலோ மாதா கோயிலோ டீக்கடை பெஞ்சோ, யாரும் அழைக்காமலே ஆள் வந்து நின்றார்கள். டெல்டாவில் இருக்கும் ஒரு சேவைச் சங்கத்துக்கு மாறாத கிழமையும் மாறாத நேரமும் வேண்டும் என்பதற்கு நான் காட்டுகிற காரணம் இதுதான். வடகிழக்குப் பருவமழை வருடம் தவறாமல் வருகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எக்காரணம் கொண்டும் வியாழக்கிழமையை ரத்து செய்யாதீர்கள். பத்தே பேர் வந்தாலும் சரி.

அதே சமயம், நம் பக்கத்து வருடம் ஓடுகிற விதத்தைப் பார்க்காமல் 48 வாரத்துக்கும் ஒரே மாதிரிக் கூட்டம் வைப்பதும் சரியில்லை. உங்கள் 38 பேரில் எத்தனை பேர் நெல் வியாபாரம், ரைஸ்மில், உரக்கடை, லாரி? பாதியாவது இருக்கும். குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகிற புரட்டாசி, ஐப்பசியில் உரக்கடைக்காரர் ஏழரை மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வர முடியுமா? லாரிக்காரர் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டையோடு நிற்பார். தை, மாசியில் சம்பா அறுவடை, அதோடு முகூர்த்தம். ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்குத் தலைகாட்ட வேண்டிய மனிதரிடம் வருகைச் சதவீதம் பேசினால் எரிச்சல்தான் வரும். இந்த வாரங்களில் கிழமையை மாற்றாமல் கூட்டத்தின் கனத்தைக் குறையுங்கள். அரை மணி நேரம், யாருடைய மில்லிலாவது, நின்றபடியே ஒரு டீ, ஒரே ஒரு தீர்மானம், கலைந்துவிடலாம். ஆடியில் இதற்கு நேர் எதிர். முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி, ஜவுளிக்கடைக்காரர் தவிர மற்றவர்களுக்கு வியாபாரமும் மந்தம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்திருந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், ஊர் முகத்திலும் ஒரு களை இருக்கும். சங்க வருடம் ஜூலையில் ஆரம்பிப்பது நமக்கு இந்த விதத்தில் வசதி. வருடத் திட்டம், வரவு செலவு மதிப்பீடு, பெரிய வாக்குவாதங்கள் எல்லாவற்றையும் ஆடி முடிவதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை மணி என்பதையும் யோசியுங்கள். மருந்துக்கடைக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று உங்களுக்கே தெரியும். டாக்டர் சீட்டோடு வரிசை நிற்கும். கடைத்தெரு ஓய்ந்து கிடக்கிற மதியம் மூன்று மணியை யாராவது யோசித்தார்களா?

இடத்தைப் பற்றி இன்னொன்று. 1905 பிப்ரவரி 23-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் கூட்டிய ரோட்டரியின் முதல் கூட்டத்தில் இருந்தது நாலே பேர். வக்கீல், நிலக்கரி வியாபாரி, சுரங்கப் பொறியாளர், தையல்காரர். கூடியது அந்தப் பொறியாளரின் ஆபீஸ் அறையில். அடுத்தடுத்த கூட்டங்களை முறைவைத்து ஒவ்வொருவர் தொழிலிடத்திலும் நடத்தினார்கள். லாட்ஜ் ஹாலும் 25 சாப்பாடும் ஆதியில் இல்லை என்று மூத்தவர்களிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். மாதத்தில் ஒரு வியாழக்கிழமையை உறுப்பினர் ஒருவரின் தொழிலிடத்தில் வையுங்கள். முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கே, புழுங்கல் அரிசி ஆலையில் நெல் எத்தனை மணி நேரம் ஊறுகிறது, நகைக்கடைக்காரர் பழைய நகையில் சேதாரத்தை எப்படிக் கணக்கிடுகிறார் என்று தெரியாது. உங்கள் கடையிலேயே முதல் கூட்டத்தை வையுங்கள். காலாவதி மருந்தை எப்படித் திருப்பி அனுப்புகிறீர்கள், சீட்டு இல்லாமல் எதைக் கொடுக்கக்கூடாது என்று சொல்லுங்கள். இந்த ஒரு மணி நேரத்துக்கு எந்தப் பொன்னாடையும் தேவையில்லை.

விருந்தினரை அழைத்தால், அவர் பேசி முடித்ததும் சங்கம் என்ன செய்யப் போகிறது என்று அங்கேயே ஒரு தீர்மானம் வர வேண்டும். ஓர் உதாரணம்: ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாம்புக்கடி பற்றிப் பேசக் கூப்பிடுங்கள். ராத்திரி மோட்டார் போடப் போகிறவர், அறுப்புக்குக் குனிகிறவர் என்று நம் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த ஆபத்து. 2024-ல் தமிழக அரசு இதை அரசுக்குத் தகவல் தரவேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இறுக்கிக் கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று டாக்டர் சொல்வார். சொன்னதும் எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த மாலை வீண். இந்தச் செய்தியை நோட்டீஸாக அடித்து எத்தனை உரக்கடையில் ஒட்டுவது, விவசாயத் தொழிலாளர் எத்தனை பேருக்கு முழங்கால் வரை வருகிற பூட்ஸும் டார்ச்சும் வாங்கித் தருவது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று அதே கூட்டத்தில் எழுதுங்கள். உரக்கடைக்காரர் அன்றைக்கு வந்திருந்தால் ஒட்டும் வேலையை அவரே எடுத்துக்கொள்வார்.

மூத்தவர்களைப் பற்றி. அவர்கள் வாரக் கூட்டத்தை விடமாட்டேன் என்பதை வெறும் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், மனைவி போய்விட்டவர், பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறவர், இவர்களுக்கு வாரத்தில் இஸ்திரி போட்ட சட்டை போடுகிற ஒரே சாயங்காலம் அதுவாக இருக்கலாம். பிறந்தநாளன்று பெயர் சொல்லிக் கைதட்டுவது இளையவருக்கு நேர விரயம், எழுபது தாண்டியவருக்கு அப்படியில்லை. அதை எடுக்காதீர்கள். விருந்தினருக்குப் போர்த்துகிற பொன்னாடையை எடுங்கள், போதும். மாதம் ஒரு தடவை வைக்கிற சாப்பாட்டைக் குடும்பத்தோடு வைத்து, மூத்தவர் ஒருவரிடம் அதன் முழுப் பொறுப்பையும் கொடுங்கள். அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் கூப்பன்.

உங்கள் கணவரிடம் சொல்லியனுப்பிய பெரியவரை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கணவரைக் கூட்டிப் போக வேண்டாம். "ஐயா, சங்க விஷயம் எதுவானாலும் எங்கிட்டயே சொல்லுங்க, கடைக்கு எப்ப வேணும்னாலும் வரலாம்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, அவருடைய காலத்தில் சங்கம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். ரோட்டரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள விதியைத் திருத்தியது 1989-ல். உங்கள் சங்கத்துக்கு வயது முப்பது என்கிறீர்கள். அப்படியானால் அது பிறந்தபோதே பெண்களுக்குத் தடை இல்லை, இருந்தும் அந்த நாற்காலிக்கு ஒரு பெண் வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இதை அவரிடம் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

வராத 25 பேரை என்ன செய்வது? பொதுவில் திட்டிச் செய்தி போடாதீர்கள். ரோட்டரி தலைமையகத்துக்குச் சங்கம் கட்டுகிற சர்வதேசக் கட்டணம் ஜூலையிலும் ஜனவரியிலும் பட்டியலில் இருக்கிற தலைகளை எண்ணித்தான் வருகிறது, வருகிறவரா வராதவரா என்று பார்ப்பதில்லை. அதனால் ஜூன் மாதத்திலேயே ஒவ்வொருவரிடமும் பேசிவிட வேண்டும். நீங்களும் செயலாளராக வரப்போகிறவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கோ கடைக்கோ போங்கள். சிலர் திருப்பூர், சென்னை என்று ஊரையே விட்டுப் போயிருப்பார்கள்; பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். அவர்களிடம் மரியாதையாக விலகல் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். சிலருக்கு உடம்பு முடியவில்லை; அவர்களுக்கு விடுப்பு என்று தீர்மானம் போடலாம். மீதிப் பேர் ஏதோ ஒரு வருடத்தில் ஏதோ ஒரு மனத்தாங்கலில் நின்றுபோனவர்கள். நன்றியுரையில் பெயர் விட்டுப்போயிருக்கும், போட்டோவில் ஓரத்தில் நிறுத்தியிருப்பார்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்த முக்கால்வாசிப் பிணக்குகள் இந்த அளவுதான். அவர்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு வேலையைக் கையில் கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இத்தனையையும் ஜூலை முதல் வியாழக்கிழமையே சட்டமாக்கக் கிளம்பாதீர்கள். 38 பேர் சங்கத்தில் 20-க்கு 18 என்று ஓட்டெடுத்து ஜெயித்தால் அந்த 18 பேர் வருடம் பூராவும் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். அல்லது வரவே மாட்டார்கள். ஆறு மாதச் சோதனை என்று வையுங்கள். மாதத்தில் முதல், மூன்றாம் வியாழன் முறையான கூட்டம், அதில் தவறாமல் தீர்மானங்கள். இரண்டாவது, தொழிலிடத்தில். நான்காவது, குடும்பச் சாப்பாடு. ஐந்தாவது வியாழன் வந்தால் விடுமுறை, மழைக்காலம் தவிர. டிசம்பர் கடைசியில் வருகையையும் செலவையும் எடுத்துப் பார்த்து, அப்புறம் துணைவிதியில் எழுதலாம்.

தீர்மான வாசகம் கீழே. பெயர், தேதிகளை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"ஜூலை முதல் டிசம்பர் வரை சோதனை முறையில், வியாழன்தோறும் மாலை ...... மணிக்குக் கூட்டம் நடைபெறும். முதல், மூன்றாம் வியாழன் கூட்டங்கள் சங்கத்தின் முறையான கூட்டங்களாகக் கொள்ளப்படும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தச் செலவும் இக்கூட்டங்களில் ஒன்றில் நிறைவேறிய தீர்மானம் இல்லாமல் செய்யப்படாது. உணவுச் செலவு, உண்பவரிடமிருந்து கூப்பன் வழியாக மட்டுமே பெறப்படும். பொதுமக்களிடம் பெற்ற நன்கொடை சேவைக் கணக்கில் மட்டுமே வைக்கப்படும். அதிலிருந்து நிர்வாகக் கணக்குக்கு எக்காரணம் கொண்டும் மாற்றம் செய்யப்படாது. இரு கணக்குகளின் இருப்பும் மாதத்தின் முதல் கூட்டத்தில் வாசிக்கப்படும்."

முன்மொழிபவராக ஒரு மூத்தவரையும் வழிமொழிபவராக ஓர் இளையவரையும் போடுங்கள். 48,000 ரூபாய் திரும்பக் கட்டிய வங்கிச் சலானின் நகலை அதே மினிட்ஸ் பக்கத்தில் ஒட்டி, இப்போதைய செயலாளரின் கையெழுத்தையும் அதில் வாங்கிக்கொள்ளுங்கள்.